மூடி இறுகாத அடுப்பு வேண்டாம்

நான் ஓய்வு பெற்ற அன்று உடன் வேலை செய்தவர்கள் ஒரு சாய்வு நாற்காலி வாங்கிக் கொடுத்தார்கள். பிரம்பு நாற்காலி, நல்ல வேலைப்பாடு. முப்பத்து நான்கு வருடம் ஆஸ்பத்திரி வார்டுகளில் நின்றே கழித்த நர்ஸுக்கு இதைவிடப் பொருத்தமான பரிசு இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அதில் நான்கு நாள் உட்கார்ந்தேன். ஐந்தாம் நாள் காலை என் கணவரிடம், "வேன் வாங்கலாங்க," என்றேன்.

அவர் ரங்கூனில் இன்சீன் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து எனக்கு இரண்டு வருடம் முன்பே ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க ரயிலைப் பழுது பார்த்தவர், அதில் ஏறி பெகுவைத் தாண்டியதில்லை. "வாங்கிட்டு?" என்று கேட்டார்.

"போகலாம். பின்னாடி கட்டில் போட்டுக்குவோம். ஆத்தோரமா நிறுத்தி, சமைச்சு, தின்னு, தூங்கி, அடுத்த ஊருக்குப் போகலாம்."

அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "கட்டிலுக்கு அடியில இழுப்பறை வைக்கலாம்," என்றார். அவர் சம்மதத்தை எப்போதும் இப்படித்தான் சொல்வார்.

ஜப்பான் பழைய வேன் ஒன்று கிடைத்தது. கட்டிலையும் இழுப்பறையையும் ஒரு மாதத்தில் அவரே செய்து முடித்தார். அடுப்புதான் பிரச்சினை ஆனது. சாதாரண கரி அடுப்பு போதும் என்றார் அவர். எனக்குப் போதாது. இருபத்தேழு வயதில் என்னை ஷான் மலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே வீடுகளில் அடுப்புக்கு மேலே இறைச்சியையும் மீனையும் புகையில் தொங்கவிட்டிருப்பார்கள். அந்த ருசியை ரங்கூனில் நான் தேடாத இடமில்லை. தவிர, வேனில் ஐஸ்பெட்டி கிடையாது. புகைத்த மீன் என்றால் இரண்டு மூன்று நாள் தாங்கும். எனவே எனக்கு வேண்டியது மூடியுள்ள புகை அடுப்பு. ஓடும் வண்டியில் வைக்கக்கூடியதாக, நான் ஒருத்தியே தூக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இதில் எதையும் விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

முதலில் என் கணவர் தன் பழைய பட்டறைக் கூட்டாளிகளோடு சேர்ந்து ஓர் எண்ணெய் டிரம்மைப் பாதியாக அறுத்து, கீல் போட்டு, கால் வைத்து ஒன்று செய்தார். பார்க்க கம்பீரமாக இருந்தது. அதை வேனில் ஏற்ற நாலு பேர் வேண்டியிருந்தது. ஏற்றிய பிறகு கட்டிலில் ஒருவர்தான் படுக்க முடியும்.

"நீங்க இதோட படுத்துக்குங்க. நான் வீட்டுக்குப் போறேன்," என்றேன்.

அவருக்கு வருத்தம்தான். ஆனாலும் அதை மறுநாளே கூட்டாளி ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்.

அடுத்து ஆற்றைக் கடந்து, மண்பானைக்குப் பேர்போன த்வாண்டே போனோம். பானை செய்கிற ஒரு பெண்ணிடம் நான் மண்ணில் கோடு போட்டுக் காட்டினேன். கீழே தீ, நடுவே சட்டம், மேலே மூடி. அவள் இரண்டடுக்காக அழகாகச் செய்து கொடுத்தாள். வீட்டு வாசலில் வைத்து ஒரு கோழியைப் புகைத்தோம். அவ்வளவு ருசி. ஆனால் நம் ரோடுகளை நினைத்து எனக்குச் சந்தேகம். சாக்கில் வைக்கோல் திணித்து, அதற்குள் அடுப்பை வைத்து, ஊரைச் சுற்றி ஒரு மணி நேரம் வேனை ஓட்டச் சொன்னேன். திரும்பி வந்து சாக்கைத் திறந்தபோது அடிப்பாகம் மூன்று துண்டாகக் கிடந்தது.

இதற்குள் எங்கள் மகனுக்கு விஷயம் முழுதாகப் புரிந்துவிட்டது. அவன் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான். வேன் வாங்கியது பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோக என்று அவனாகவே நினைத்திருந்தான்.

"இந்த வயசுல ரோட்டுல படுக்கப் போறீங்களா? ஜனங்க என்ன சொல்லுவாங்க?"

"என்ன சொன்னாங்கன்னு வந்து சொல்லு. கேட்டுக்கிறேன்," என்றேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை ரங்கூன் லான்மடா பகுதியில் வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடை ஒன்றுக்குப் போனோம். கடைக்காரர் நம்ம தமிழ் ஆள், கீழக்கரைப் பக்கத்துக் குடும்பம். பளபளவென்று சிவப்புப் பெயிண்ட் அடித்த புகை அடுப்பு ஒன்றை நடுக்கடையில் வைத்தார். நின்ற வாக்கில் உயரமாக, கேஸில் எரிவது. அவர் பேசியதெல்லாம் என் கணவரைப் பார்த்துத்தான், பர்மியர்போல மாமா என்கிற அர்த்தத்தில் 'ஊலே' என்று கூப்பிட்டு.

"ஊலே, இது சீமைச் சரக்கு. ஆம்பளைங்க சமைக்கிறதுக்குன்னே செஞ்சது. ஆன்ட்டிக்கு வேலையே இல்ல, சும்மா உக்காந்து சாப்பிட வேண்டியதுதான்."

சும்மா உட்காருவதைப் பற்றி என்னிடம் பேசியிருக்கக் கூடாது. நான் மூடியைத் தூக்கி, திரும்ப வைத்து, விரலால் சுற்றிலும் தடவினேன். ஒரு பக்கம் என் சுண்டுவிரல் உள்ளே போனது.

"புகை இந்த வழியா போயிடும். மீன் வேகும், புகை ஏறாது," என்றேன். "தகடு பாருங்க, அமுக்கினா உள்ள போகுது. கேஸ் தீந்தா பெகு தாண்டி எங்க நிரப்புறது?"

கடைக்காரர் அப்போதும் என் கணவரிடமே, "ஊலே, நீங்க சொல்லுங்க," என்றார்.

"அவங்கதான் சொல்லிட்டாங்களே," என்றார் என் கணவர். அன்று அவரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

வெளியே வந்து பழைய இரும்புச் சாமான் கடைகள் வழியாக நடந்தோம். அங்கே ஒரு கடையில், கரி படிந்த குண்டாக்களுக்கும் மின்விசிறி இறக்கைகளுக்கும் நடுவே அதைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் கட்டுத்துணிகளை வைத்து நீராவியில் சுத்தம் செய்கிற டிரம். வட்டமாக, வாளியைவிடப் பெரிதாக, கைப்பிடியோடு இருக்கும். மூடியைக் கொக்கி போட்டு இறுக்கலாம். பக்கத்தில் ஓட்டைகள், அதன் மேலே நகர்த்துகிற பட்டை. பட்டையை நகர்த்தினால் ஓட்டை திறக்கும், மூடும். ஆயிரம் தடவை என் கையால் திறந்து மூடியது. நீராவிக்குச் செய்தது புகைக்கு ஆகாதா?

கடையில் இருந்த பர்மியப் பெண் என்னைப் பார்த்ததும், "சயாமாவா?" என்று கேட்டாள். நர்ஸ்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் டிரம்மைத் திருப்பிப் பார்த்த விதத்திலேயே அவளுக்குத் தெரிந்திருக்கும். அங்கே மூன்று டிரம் இருந்தன. இரண்டு, பித்தளைக்கு மேல் பூச்சுப் பூசியவை. தீயில் பூச்சு உரிந்து சாப்பாட்டில் விழும் என்று ஒதுக்கினேன். மூன்றாவது முழு எவர்சில்வர். ஒரு நெளிவுகூட இல்லை. தலைக்கு மேல் ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன். அந்தப் பெண் சிரித்தாள்.

வீட்டில் அதைச் சோடாக்காரம் போட்டு இரண்டு தடவை கொதிக்க வைத்தேன். என் கணவர் உள்ளே கரிக்கு ஒரு தட்டு, மேலே மீனுக்கு இரண்டு கம்பிச் சட்டம், அடியில் மடங்குகிற மூன்று கால் வைத்தார். மகன் வந்து பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரி டப்பாவுலயாம்மா சாப்பாடு?" என்று முகத்தைச் சுளித்தான்.

"உன் வீட்டுச் சட்டி எதுவும் இவ்வளவு சுத்தமா இருந்திருக்காதுடா."

அவன் பிரேக் பார்க்க வேண்டும் என்று வேனை எடுத்துக்கொண்டு போனான். மாலையில் வேன் திரும்பி வந்தது, சாவி வரவில்லை. இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் மத்தியானம், கடை நிறைய ஆள் இருக்கும் நேரம் பார்த்துப் போனேன்.

"சாவி."

"அம்மா, வீட்டுக்கு வந்து பேசுறேன்."

"பேச ஒண்ணுமில்ல. சாவி."

அவன் குரலைத் தாழ்த்தினான். "வழியில அப்பாவுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பாப்பா?"

"முப்பத்து நாலு வருஷம் ஊரையே யாரு பாத்தாளோ அவ பாப்பா."

எல்லோரும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் காது சிவந்துவிட்டது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கையை நீட்டியபடியே நின்றேன். மேஜை இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். அப்புறம், யாருக்கும் கேட்காதபடி, "பின் டயர்ல காத்து கம்மியா இருக்கு. நெரப்பிக்குங்க," என்றான்.

அந்த வாரமே பியே ரோட்டில் கிளம்பினோம். இரண்டாம் நாள் ஐராவதிக் கரையில் ஒரு படகிலிருந்து மீன் வாங்கினேன். வழியில் பொறுக்கிய மாங்கட்டையைப் போட்டுப் புகைத்தேன். கட்டை பச்சை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. நாலு மணி நேரம் கழித்துத் திறந்தபோது மீன் கருகருவென்று ஆகி, வேப்பிலைபோல் கசந்தது. என் கணவர் ஒரு வாய் தின்றுவிட்டு ஆற்றைப் பார்த்தார். நான் என் பங்கு முழுவதையும் தின்றேன்.

அந்த நேரம் பார்த்து, ஊர்ப் பொறுப்பாளர் ஒருவர் புகையைப் பார்த்துவிட்டு வந்தார். எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்டார். வேனைக் காட்டினேன். வெளியூர்க்காரர் ராத்தங்கினால் பதிய வேண்டும் என்கிற சட்டப்படி எங்கள் பெயரையும் பார்த்த வேலையையும் எழுதிக்கொண்டு, டிரம்மைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "காய்ந்த புளியங்கட்டை போடணும், சயாமா," என்றார். தன் வீட்டிலிருந்து ஒரு கட்டு கொண்டுவந்தும் கொடுத்தார். மறுநாள் புகைத்த மீன் பொன் நிறத்தில் வந்தது. அவர் வீட்டுக்கு ஒன்று கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினோம்.

அதற்குப் பிறகு நான்கு குளிர்காலம் அப்படிப் போனோம். மகன் இன்றுவரை அதைச் சரி என்று சொன்னதில்லை. மீனை மட்டும் வாங்கிக்கொள்வான். நாலாவது வருடம் என் கணவருக்குக் கண் மங்கியது, இனி வண்டி ஓட்ட முடியாது என்றார்கள் டாக்டர்கள். உறவுக்காரர்கள் எல்லோரும் வந்து, நல்லதாப் போச்சு, இனி வீட்டில் இருங்கள் என்றார்கள். நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளச் சேர்ந்தேன். எனக்கு அறுபத்து நான்கு வயது. லைசென்ஸ் கொடுக்கும் இடத்தில் இருந்த இளைஞர் படிவத்தில் என் வேலையையும் வயதையும் பார்த்துவிட்டு, "சயாமா, இனிமே எங்க போகப் போறீங்க?" என்று கேட்டார்.

"முதல்ல மௌல்மேன்," என்றேன். "அதுக்கப்புறம் யோசிக்கல."