பாடம் பார்க்க வந்தவள்

1. "வாங்க மெடம்"

ஆசிரிய ஆலோசகராக நான் முதன்முதலில் போனது, கண்டி நகரில் நானே பல வருடம் படிப்பித்த பாடசாலைக்குத்தான். ஆசையோடு ஆசிரியர் அறைக்குள் நுழைந்தேன். சிரிப்புச் சத்தம் நின்றது. என்னோடு ஒரே பார்சலில் சோறு சாப்பிட்ட பாத்திமா டீச்சர் எழுந்து நின்று, "வாங்க மெடம்" என்றார். அதுவரை அவர் என்னை "வாடி" என்றுதான் கூப்பிடுவார்.

"இருங்கப்பா, நான்தானே" என்றேன். யாரும் உட்காரவில்லை. பிறகு என்னை அதிபரின் அறையில் உட்கார வைத்து, தட்டில் தேநீரும் கேக்கும் கொடுத்தார்கள். அந்தக் கேக்கைத் தொடாமலே வைத்துவிட்டு வந்தேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆசிரியர்களுக்கு நாங்கள் வலயக் கல்விப் பணிமனையின் ஆள். பணிமனைக்கு நாங்கள் வெறும் ஆசிரியர். இரண்டு வீட்டிலும் விருந்தாளிதான். வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து பாடத்தைப் பார்ப்பது, பிறகு ஆசிரியரோடு பேசி அவருக்குக் கைகொடுப்பது, இதுதான் எங்கள் வேலை. நல்ல வேலை. ஆனால் பாடம் பார்க்க வருகிறார்கள் என்றாலே பொலிஸ் வருகிற மாதிரிப் பயப்படுவார்கள்.

2. கேள்விக்கு முந்திய பதில்

தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலை. கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் பஸ் ஏறி, இறங்கி, பிறகு த்ரீவீலில் மேலே போக வேண்டும். அதிபர் என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"தரம் நாலு சுகந்தி டீச்சருக்கு கணக்கு படிச்சுக்குடுக்க வரல மெடம். அடுத்த தவணையில வகுப்ப எடுத்துட்டு ஒபிஸ் வேலையில போடப் போறேன். நீங்களும் சரியில்லன்னு ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா எனக்கு லேசு."

எனக்கு மூக்கின் மேல் கோபம். "ஆள வெட்டுறதுக்கு என்னைய கத்தியா எடுக்காதீங்க சேர்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன்.

சுகந்தி அதே தோட்டத்துப் பிள்ளை. தொழிலாளர்கள் குடியிருக்கும் அந்த லயத்திலிருந்து ஆசிரியரான முதல் ஆள். கழித்தல் பாடம் தொடங்கினார். "நாப்பத்திரெண்டுல இருந்து..." என்று அவர் வாயெடுத்ததும் முன்வரிசைச் சிறுமி துள்ளி எழுந்து, "இருவத்தஞ்சு டீச்சர்!" என்றாள். எதைக் கழிப்பது என்று டீச்சர் இன்னும் சொல்லவே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுகந்தியின் முகம் செத்துப்போயிற்று.

நாங்கள் வருகிறோம் என்று தெரிந்தால் ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பித்துப் பளபளப்பாக்கி வைப்பது எங்கள் பாடசாலைகளின் வழக்கம். இடைவேளையில் பிள்ளைகள் வெளியே போனதும் அவர் அழுதார்.

"ஒரு வாரமா இதே கணக்குத்தான் மிஸ். வேற ஒண்ணுமே படிச்சுக்குடுக்கல. வகுப்ப எடுத்துட்டாங்கன்னா எங்கப்பா லயத்துல எப்புடி தல காட்டுவாரு?"

"சரி. இடைவேள முடிஞ்சதும் அடுத்த பாடத்த எடுங்க."

"அது எனக்கே தடுமாறும் மிஸ்."

"தடுமாறுறத பாக்கத்தான் பஸ் ஏறி வந்தேன்."

இருநூற்று மூன்றிலிருந்து ஐம்பத்தெட்டைக் கழிக்க வேண்டும். நடுவில் பூச்சியம். அங்கே கடன் வாங்க ஒன்றும் இல்லை. சுகந்தி நின்றுவிட்டார். அந்த இடத்தில் சுண்ணக்கட்டியை வாங்கி நாமே போட்டுக் காட்டக் கை துடிக்கும். வாங்கினால் அந்த வகுப்பு பிறகு அவருடையது இல்லை. எண்ணிப் பழக நூறு நூறாகக் கட்டி அலுமாரியில் கிடந்த ஈர்க்குக் கட்டுகளை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

அவர் ஒரு நூறுக் கட்டை அவிழ்த்துப் பத்துப் பத்துக் கட்டுகளாக வைத்தார். அதில் ஒரு பத்தையும் அவிழ்த்தார். "நூறு ஒடஞ்சு போச்சா டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான். "ஒடயலடா, சில்லறையா மாறிருச்சு" என்றார் சுகந்தி. வகுப்பே சிரித்தது, அவரும் சிரித்தார்.

"வகுப்பு அவங்ககிட்டயே இருக்கட்டும் சேர், நான் வந்து வந்து பாக்குறேன்" என்று அதிபரிடம் சொன்னேன். "அப்ப அது ஒங்க பொறுப்பு மெடம்" என்றார். அந்த மலைக்குப் போய்வந்து என் முழங்கால் தேய்ந்தது.

3. தேவையில்லாத ஆள்

அடுத்த வருடம் ஒருநாள் போனபோது வகுப்பு வாசலிலேயே நின்றுவிட்டேன். சுகந்தி பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பின்வரிசையில் தரம் ஐந்து சேர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சுகந்தி வெளியே ஓடி வந்தார்.

"நாங்க இப்ப ஒருத்தர் பாடத்த ஒருத்தர் மாறி மாறி பாக்குறோம் மிஸ். அதிபர் சேரே ஒருநாள் வந்து ஒக்காந்தாரு. ஒங்களுக்குக் காலும் ஏலாது. இனி இவ்வளவு தூரம் நீங்க வரத் தேவல்ல மிஸ்."

அன்பாகத்தான் சொன்னார். உள்ளே பிள்ளைகள் கூப்பிட்டார்கள். திரும்பி ஓடிவிட்டார்.

எனக்குப் பெரிய சந்தோஷம். அதைச் சொல்ல ஒரு ஆள் இல்லை. ஆசிரியர் அறையில் போய்ச் சொல்லலாம் என்றால், எனக்குத்தான் ஆசிரியர் அறையே கிடையாதே. வீட்டில் கணவரிடம் சொன்னேன். "அப்ப இனி அலைச்சல் மிச்சம்" என்று சொல்லிவிட்டு அவர் டீவியின் சத்தத்தைக் கூட்டினார். குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று அழுதேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளே, "வரத் தேவையில்லை" என்ற அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த வேலையில் பஸ் ஏறுகிறோம். அதைக் கேட்கும் நாளில் நெஞ்சு வலிக்கும். வலிக்கட்டும். இன்னும் ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் அந்த வகுப்புக்குள் போய்விடாதீர்கள்.