பாதிப் படம் பார்த்த தெரு

கேபிள் தொழில் செய்கிறவனுக்கு மழை அறுத்த ஒயரையும் குரங்கு அறுத்த ஒயரையும் மன்னிக்கத் தெரியும். ஆனால் எங்கள் ஊர் காலனிக்குப் போன ஒயரை வெட்டினவரே, நீங்கள் மழையும் இல்லை, குரங்கும் இல்லை. உங்கள் பேர் எனக்குத் தெரியும். எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்கள் இல்லை என்பீர்கள், நான் சத்தம் போடுவேன், விஷயம் அதோடு முடிந்துவிடும்.

மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கடை வைத்தவர்கள், மெஸ் நடத்துகிறவர்கள், மினி பஸ் விட்டவர்கள் எல்லாரும் என்னோடு சேர்ந்து அனுபவிக்கிறவர்கள்தானே. ஜனங்கள் சந்தாவை மாசத்துக்கு ஒரு தடவை கொடுப்பார்கள், அபிப்பிராயத்தை நாள் முழுக்கக் கொடுப்பார்கள். எட்டாவதோடு படிப்பு நின்று, மோட்டார் பம்ப் பட்டறையில் அடியும் திட்டும் வாங்கி, கோயமுத்தூர்ப் பக்கம் துடியலூருக்கு மேற்கே ஒரு ஊரில் சொந்தமாக டிஷ் வைத்தவன் நான். ஞாயிறு மத்தியானம் என் சேனலில் ஒரு கேசட் படம் போடுவேன். ஒரே ஒரு தடவை இங்கிலீஷ் படம் போட்டேன். அதன் பலன் கீழே.

நாலு கனெக்‌ஷன்

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்த ஒரு அம்மா எங்கள் ஊரில் குடியிருந்தார். "எப்பப் பார்த்தாலும் சண்டைப் படமே போடறீங்க, ஒருக்கா நல்ல படம் போடக் கூடாதுங்களா?" என்றார். எது என்று கேட்டேன். பழைய ஹாலிவுட் படமாம். இரண்டு கேசட், கிட்டத்தட்ட நாலு மணி நேரம். பருத்திக்காடு வைத்திருக்கிற பெரிய குடும்பம், காட்டில் வேலை செய்கிற அடிமைகள், நடுவில் ஒரு யுத்தம், இத்தனைக்கும் ஊடே பிடிவாதக்காரப் பெண் ஒருத்தியின் காதல்.

சும்மா போட நான் என்ன தர்மசத்திரமா? "உங்க லைன்ல நாலு வீடு இன்னும் எங்கிட்ட கனெக்‌ஷன் வாங்கலை. வாங்க வையுங்க, போடறேன்" என்றேன். இரண்டு வீடு என்றார். நாலு என்றேன். மூன்று என்றார். நாலுதான், அதோடு கதைச் சுருக்கத்தைத் தமிழில் எழுதித் தரவேண்டும், நோட்டீஸ் அடிக்கிறேன் என்றேன். மூன்றாம் நாள் நாலு வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"நீங்க அந்தப் படத்துல இருந்திருக்கோணுமுங்க. யுத்தமே வந்திருக்காது, பேசிப் பேசியே ரெண்டு பக்கத்தையும் ஊட்டுக்கு அனுப்பியிருப்பீங்க."

நான் சேர்த்த வரி

டீச்சர் சுத்தமாக எழுதிக் கொடுத்தார். ஆனால் 'அடிமைகள்' என்று மட்டும் போட்டிருந்தார். நம் ஜனத்துக்கு அடிமை என்றால் ராஜா கதையில் வருகிற அடிமைதான் ஞாபகம் வரும். விளங்கட்டும் என்று நானே ஒரு வரி சேர்த்தேன்: 'நம்ம பக்கத்துத் தோட்டங்களில் வருசக் கணக்குக்கு நிறுத்தியிருக்கும் பண்ணையத்தாள் மாதிரி.' எழுதும்போது அதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. பட்டறையில் நானும் அந்த மாதிரி நின்றவன்தான்.

நோட்டீஸை ஊருக்குள் அறுபது வீட்டுக்கும் போட்டேன். ஒரு கட்டு காலனிக்கும் போனது. தோட்டங்களில் பண்ணையத்துக்கு நிற்கிறவர்கள் குடியிருக்கிற தெரு அது. அங்கே எனக்கு ஒரே ஒரு கனெக்‌ஷன், பழனியம்மாள் வீடு. மில்லில் கழிவுப் பஞ்சு பிரிக்கிற வேலை அவளுக்கு. சொந்தச் சம்பாத்தியத்தில் ஒரு கறுப்பு வெள்ளை டிவி வாங்கி வைத்திருந்தாள். அதை வாசலில் வைத்தால் தெருவே பார்க்கும்.

அடிக்கக் கொடுத்த அன்றைக்கே அச்சகத்துக்காரர் மட்டும் நான் சேர்த்த வரியைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு இரண்டு தடவை படித்தார். பிறகு ரொம்ப மரியாதையாகச் சொன்னார்:

"அடிச்சுத் தாரனுங்க. அச்சகத்துப் பேரை மட்டும் அடியில போடாம உட்டுர்றனுங்க."

என்ன ரகம்?

படம் ஓட ஆரம்பித்து அரை மணி நேரம் இருக்கும். போன் அடித்தது. படம் தெளிவாக வரவில்லை போல என்று பயந்து எடுத்தேன். ஐந்து ஏக்கர் பருத்தி போட்டிருக்கிற ஒருத்தர். படம் கண்ணாடி மாதிரி தெரிகிறது என்றார். அப்புறம் என்ன? அந்த வெள்ளைக்காரர் காட்டில் தெரிகிற பருத்தி என்ன ரகம், பாருக்குப் பார், அதாவது வரிசைக்கு வரிசை, எத்தனை அடி விட்டிருக்கிறார்கள், டீச்சரிடம் கேட்டுச் சொல்ல முடியுமா என்றார். டீச்சருக்கு இங்கிலீஷ்தான் தெரியும், பருத்தி தெரியாது என்றேன்.

காதல் எப்படி இருக்கிறது என்று மரியாதைக்குக் கேட்டு வைத்தேன். அதை அவர் கவனிக்கவே இல்லை. முதுகில் சாக்கைக் கட்டிக்கொண்டு வரிசையாகக் குனிந்து நின்ற ஜனத்தைக் கவனித்தாரா என்றால், அதையும் வேறு விதமாகத்தான் கவனித்திருக்கிறார்:

"எடுப்பு சுத்தமில்லைங்க. பாதிப் பஞ்சு செடியிலயே நிக்குது. மேல நின்னு பாக்க ஆளில்லாத பண்ணையம் அப்படித்தானுங்க போவும்."

ரெண்டாவது கேசட் எப்போ?

முதல் கேசட் முடிந்தது. வீடியோ டெக்கின் ஹெட்டைத் துடைத்து அடுத்ததைப் போடக் கால் மணி நேரம் ஆகும். அந்த நேரம் பார்த்து மாவு மில் வைத்திருக்கிறவர் சம்சாரம் நேரிலேயே வந்துவிட்டார். வயசுக்கு வந்த பெண் இருக்கிற வீட்டில் பார்க்கிற படமா இது என்றார். கட்டினவன் ஒருத்தன், நினைக்கிறவன் இன்னொருத்தன், துரத்துகிறவன் மூன்றாவது ஒருத்தன். "அவளுக்கு ஒரு அண்ணந்தம்பி இல்லீங்களா, ஓங்கி ஒரு அறை குடுக்க?" என்று என்னைக் கேட்டார், கதை எழுதினவனே நான்தான் என்பது போல.

எனக்குக் கோபம் வந்தது. பிடிக்காவிட்டால் கனெக்‌ஷனை எடுத்துவிடுகிறேன், இன்றைக்கே ஆள் அனுப்புகிறேன் என்றேன். அம்மாவின் குரல் இறங்கியது.

"நாளைக்கு அனுப்புங்க. அவ கடைசில ஆருகிட்டப் போயிச் சேர்றான்னு பாத்துப்போட்டு அப்பறமேல் எடுத்துக்கலாமுங்க."

முப்பதடி

சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் பழனியம்மாள் நடந்தே வந்தாள். முதல் பாகம் முடிந்ததும் திரை வெள்ளைப் பொரியாகப் பொரிந்துவிட்டதாம், இத்தனை நேரமும் வருமென்று தெருவே உட்கார்ந்திருந்ததாம். ஜாயிண்ட் விட்டிருக்கும் என்று ஏணியை எடுத்துக்கொண்டு போனேன். ஜாயிண்ட் இல்லை. தென்னைக்கும் கம்பத்துக்கும் நடுவே ஒயர் பாக்கு நறுக்கினது போல இரண்டு பக்கமும் சீராக வெட்டியிருந்தது. வெட்டின முப்பதடியையும் காணோம். 

கவனியுங்கள், வெட்டினவரே. படம் ஓடும்போது நீங்கள் வெட்டவில்லை. எழுந்து வர மனசு வராமல், நான் கேசட் மாற்றுகிற கால் மணி நேரத்தில் வந்து வெட்டிவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்திருக்கிறீர்கள். அப்பேர்ப்பட்ட ரசிகர்.

அவள் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண் யாரைக் கட்டினாள் என்றுதான் கேட்பாள் என்று நினைத்தேன். அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்:

"அந்தம்மா கதை கெடக்குதுங்க. சண்டை வந்துதல்லங்க, பருத்தி எடுத்த சனம் அப்பறம் எங்க போச்சு? அதை மட்டும் சொல்லுங்க."

எனக்குத் தெரியவில்லை. டெக்கையும் போனையும் பார்த்துக்கொண்டிருந்தவன் எங்கே படம் பார்த்தேன்?

ஒசரமான மாடு

மறுநாள் காலை புது ஒயரைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பும்போது தோட்டத்துக்காரர்கள் நாலு பேர் வந்து உட்கார்ந்தார்கள். நீங்களும் வந்திருந்தீர்கள். மூத்தவர்தான் பேசினார். எங்கள் பக்கத்தில் சண்டைக்கு வந்தாலும் 'ங்க' போட்டுத்தான் வருவார்கள். நோட்டீஸைப் படித்துவிட்டு ஞாயிறு மத்தியானம் வயலுக்குத் தண்ணீர் கட்டப் பண்ணையத்தாள் ஒருத்தனும் வரவில்லையாம். இனிமேல் தங்கள் தோட்டத்து மேலே அந்த ஒயர் போக வேண்டாமாம். போனால், ஊருக்குள் அறுபது வீடும் துடியலூர் கேபிள்காரரிடம் மாறிக்கொள்ளுமாம்.

"ஒயரை வெட்டினது ஆருங்க?" என்றேன். "எங்களுக்கு எப்படீங்க தெரியும்? மாடு கீடு கடிச்சிருக்கும்" என்றார். "பன்னெண்டடி உயரத்துலயா?" என்று கத்தினேன். மூத்தவர் சிரிக்காமல் சொன்னார், "கொஞ்சம் ஒசரமான மாடுங்க."

மேஜையைத் தட்டினேன், வாய்க்கு வந்ததைப் பேசினேன். பிறகு உட்கார்ந்து யோசித்தேன். அறுபது வீடு போனால் எனக்குத் தொழில் இல்லை. தோளில் இருந்த ஒயரைக் கீழே வைத்தேன். பட்டறையில் எவனெவனிடமோ முறைத்து நின்றவன் அன்றைக்கு முறைக்கவில்லை. அவர்கள் எழுந்தார்கள். மூத்தவர் வாசலில் நின்று திரும்பிச் சொன்னார்:

"படம் நெம்ப நல்லாருந்துதுங்க. அந்த நோட்டீசுதான் நல்லா இல்லீங்க."

டீச்சர் சொன்னது

நாலு மாசம் காலனியில் படம் தெரியவில்லை. பழனியம்மாள் ஒரு தடவைகூட வந்து சண்டை போடவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கடைசியில் ஓடைப் பள்ளத்து ஓரமாக, யார் தோட்டத்தையும் தொடாமல், நானே கம்பம் நட்டு அரை மைல் சுற்றி ஒயர் கொண்டுபோனேன். அறுபது வீட்டில் ஒன்றும் மாறவில்லை. நாலு மாசம் முன்னாலேயே நட்டிருக்கலாம் என்பது எனக்கும் தெரிகிறது.

மீதிப் படத்தைப் போட்டுவிடலாம் என்று கேசட் லைப்ரரிக்குப் போனேன். இரண்டாவது கேசட்டில் பூஞ்சை பிடித்து, டேப் ஒட்டிக்கொண்டு, தூக்கிப் போட்டுவிட்டார்களாம். வேறு கடைகளிலும் கிடைக்கவில்லை. சரி, பதிலையாவது தெரிந்துகொள்ளலாம் என்று டீச்சரிடம் போய், பருத்தி எடுத்த ஜனம் கடைசியில் எங்கே போனது என்று கேட்டேன். எத்தனையோ தடவை அந்தப் படத்தைப் பார்த்தவர் அவர். விரல் விட்டுக் காட்சி காட்சியாக எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"விடுதலை கிடைச்சுதுன்னு ஒரு இடத்துல வருமுங்க. அதுக்கப்பறம் அவங்க எங்க போனாங்க, என்ன சாப்பிட்டாங்கன்னு படத்துல காட்டவே இல்லைங்க. நீங்க கேக்கற வரைக்கும் எனக்கும் அது தோணலை."

இதைப் போய்ப் பழனியம்மாளிடம் எப்படிச் சொல்வது? நீங்கள் ஒயரை வெட்டாமல் இருந்திருந்தால் அந்தத் தெரு முழுப் படத்தையும் பார்த்து, 'இவ்வளவுதானா' என்று எழுந்து போயிருக்கும். வெட்டினதால்தான், பதில் ரெண்டாவது கேசட்டில் இருக்கிறது என்று இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறது. போன வாரம் சந்தா வாங்கப் போனபோதும் அவள் கேட்டாள்.

முப்பதடி ஒயரை நான் கேட்கவில்லை, அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக் கலர் டிவியில் கடைசி வரை பார்த்தவர் நீங்கள். பருத்தியும் வைத்திருக்கிறீர்கள், எடுக்கிற ஆளும் வைத்திருக்கிறீர்கள். 'வெட்டினது நான்தான்' என்று பழனியம்மாள் வாசலில் நின்று சொல்லுங்கள். அந்த ஜனம் எங்கே போகும் என்று படத்தில் இல்லாத பதிலை உங்களால்தான் சொல்ல முடியும். பருத்தி முதல் பாசம் வரைக்கும் ஊரே அபிப்பிராயம் சொல்லி முடித்துவிட்டது, பாக்கி நீங்கள் ஒருத்தர்தான், போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.