மண் சரிந்த வழியில் முளைத்த மரங்கள்

கண்டி பஸ் என்னை மலை வளைவில் இறக்கிவிட்டுப் போகிறது. பதினெட்டு வருஷத்துக்கு முன் இந்த மலை சரிந்து, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தோடு என் மகளையும் மூடியது. உடம்பு கிடைக்கவில்லை. கற்பூரம் ஏற்ற வந்து, அன்று கண்ட வெறும் செம்மண்ணைத் தேடுகிறேன். எங்கும் காடு.

மாட்டுக்குப் புல் அறுக்கும் ஒருவர் நிமிர்கிறார்.

"லயத்தையாம்மா தேடுறீங்க? மொதல்ல மானாப்புல்லு வந்திச்சு, பொறகு புதரு, இப்ப மரமாயிருச்சு. நான் காட்டுறேன், வாங்க."

"நாப்பது வருஷம் இங்க தேயிலைக் கொழுந்து எடுத்தவ நான். எனக்கே வழி காட்டுறீங்களா?"

சொல்லிவிட்டு நிதானமாகப் பார்க்கிறேன். இரு ஓரமும் பருத்த பழைய மரங்கள். நடுவில் மட்டும், உச்சியிலிருந்து அடிவரை, ஒரே உயரத்தில் ஒல்லி மரங்கள். மண் வந்த வழி அதுதான். அத்தனையும் என் மகளுக்குப் பிறகு முளைத்தவை.

அதில் ஒரு மரத்தடியில் கற்பூரத்தை வைக்கக் குனிகிறேன். தீ பரவாமலிருக்க, பின்னாலேயே வந்த அவர் சருகை ஒதுக்கித் தருகிறார். இந்த உதவியை வேண்டாமென்று சொல்லவில்லை.