தைத்த வயிறும் பனங்கட்டித் தேத்தண்ணியும்

நெல் வாங்கப் போகிறவன் முதலில் பல்லைக் கொடுக்க வேண்டும், பிறகு வயிற்றைக் கொடுக்க வேண்டும், விலை பேசுவதெல்லாம் மூன்றாவது. இந்தத் தொழிலில் மிதிபட்டவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு நெல்லை எடுத்துக் கடித்தால் டக்கென்று முறிய வேண்டும், நசிந்தால் ஈரம். அது பல்லின் வேலை. பல் திருப்திப்பட்டால் வீட்டுக்காரி தேத்தண்ணி கொண்டுவருவா. அதைக் குடித்து முடித்தால்தான் பேச்சு முற்றாகும். குடியாமல் எழும்பினால், 'உங்கடை நெல்லும் வேண்டாம், நீங்களும் வேண்டாம்' என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி.

என் கரைச்சல் அந்த வயிற்றில்தான் இருந்தது. தொண்ணூறாம் ஆண்டுக்குக் கொஞ்சம் முதல் நான் நூற்றிருபது கிலோ. லண்டனிலிருந்த தமையன் என்னைக் கூப்பிட்டு, வயிற்றை வெட்டுவித்து, ஒரு சிறங்கை அளவுக்குத் தைப்பித்துவிட்டான். ஒரு வருசத்தில் எழுபத்தாறு கிலோவுக்கு வந்தேன். அதற்குள் தமையன் பெண்சாதியோடு சண்டை பிடித்துவிட்டேன், கிளிநொச்சிக்கே திரும்பினேன். டொக்டர் சொல்லி அனுப்பியதில் முக்கியமானது இது. தையல் பாதி வேலைதான் செய்யும், மிச்சப் பாதி உன்னுடையது, பாரம் திரும்பி ஏறினால் முழங்கால் இரண்டும் போய்விடும் என்றார். சண்டையால் பொருள்களுக்குத் தடை, வன்னியில் அப்போது பெற்றோலைக் கண்ணால் காண முடியாது. சைக்கிள்தான் என் லொறி. முழங்கால் போனால் சைக்கிள் இல்லை. சைக்கிள் இல்லையென்றால் மனிசியும் இரண்டு பெட்டைப் பிள்ளையளும் உலை வைக்க முடியாது.

முதல் மறுப்பு

வட்டக்கச்சியில் சரசக்கா என்று ஒருவா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்த குடும்பம். புருசன் வயலோடு, விலைப் பேச்சு முழுக்க அவாவோடு. முதல் நாள் நெல்லைக் கடித்துப் பார்த்தேன், டக்கென்று முறிந்தது, நல்ல காய்ச்சல். சரசக்கா வெறும் தேத்தண்ணியும், கடித்துக்கொண்டு குடிக்க உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டியும் கொண்டுவந்து நீட்டினா. சீனி கிடையாத காலம். அந்தத் துண்டே பெரிய மரியாதை. இனிப்புத்தான் என் சத்துரு என்று டொக்டர் சொன்னது நினைவில் நின்றது. வேண்டாமென்றேன்.

ஏன் வேண்டாமென்று சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது? ஊரே சங்கக்கடை வாசலில் கூப்பன் மட்டையோடு அரிசிக்கு நிற்கிறது. 'நான் சாப்பாடு குறைய வேணுமெண்டு வயித்தை வெட்டித் தைப்பிச்சனான்' என்று அந்த ஊரில் வாய் திறக்க முடியுமா? வெட்கம் வந்தால் எனக்குக் கோபமும் சேர்ந்து வரும். "நான் நெல்லுக்கு வந்தனான், தேத்தண்ணிக்கு இல்லை!" என்று கத்திவிட்டேன். சரசக்கா ஒன்றும் பதறவில்லை. மூட்டை வாயை என் கையிலிருந்து இழுத்துக் கட்டினா.

"தேத்தண்ணி குடியாத வாய்க்கு என்ரை நெல்லைக் கடிச்சுப் பாக்க மட்டும் என்ன உரிமை? சைக்கிளை எடுங்கோ தம்பி."

மூட்டை இறக்கிய சைக்கிள்

அடுத்த நாளே திரும்பிப் போய்க் குடித்தேன். வேறு வழி? சோறு எனக்கு மூன்று வாய்தான் இறங்கும், நாலாவது வாய் வந்த வழியே திரும்பிவிடும். ஆனால் வாய்க்கால் கட்டில் நண்டு துளைத்த ஓட்டையால் தண்ணீர் போகிற மாதிரி, இனிப்புத் தேத்தண்ணி அந்தத் தையலுக்குள்ளால் சத்தமில்லாமல் போனது. ஒரு நாளைக்கு ஏழு வீடு, ஏழு கோப்பை, ஏழு பனங்கட்டித் துண்டு. அறுவடை நல்லதென்றால் எள்ளுருண்டையும் வரும். இப்படி நாலு வருசம். நான் உடுத்தது சாரம். காற்சட்டை என்றால் பாரம் ஏறினதைக் காட்டிக் கொடுத்திருக்கும். சாரத்தை அவிழ்த்துத் திரும்பக் கட்டினால் முடிந்தது கதை.

கண்டுபிடித்தது சைக்கிள் சில்லு. சந்தையடியில் மரத்துக்குக் கீழே சைக்கிள் திருத்துகிற செல்வம், பழைய சில்லுக் கம்பிகளைத் தட்டி நிமிர்த்திப் போட்டுத் தருவான். ஒரே மாதத்தில் மூன்றாந்தரம் கம்பி முறிந்தபோது, "உன்ரை கம்பி எல்லாம் உக்கல்!" என்று அவனுடைய தகரப் பெட்டியைக் காலால் தட்டிவிட்டேன். அவன் நிமிரவேயில்லை. சிதறின ஆணியையும் சுரையையும் பொறுக்கிக்கொண்டே சொன்னான்.

"அண்ணை, ரெண்டு மூட்டை நெல்லோடை நீங்கள் உருட்டிக்கொண்டு போகேக்கை ஒரு கம்பியும் உடையேல்லை. மூட்டையை இறக்கிப்போட்டு நீங்கள் ஏறின பிறகுதான் உடையுது."

தராசில் தொங்கியது

அதையும் நான் நம்பவில்லை. கம்பி உக்கல் என்றே சொல்லித் திரிந்தேன். அந்த நேரத்தில்தான் ராமையாவின் களத்துக்கு நெல் நிறுக்கப் போனது. அவர் மலையகத்திலிருந்து வந்து, குத்தகை வயல் செய்துகொண்டிருந்த மனிதர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். பாலை மரக் கிளையில் என் தூக்குத் தராசைக் கட்டி நாலு மூட்டை நிறுத்தாயிற்று. "தராசு கொஞ்சம் கொறச்சிக் காட்டுதுங்களோ?" என்று மெல்லக் கேட்டார்.

என்னை என்னவும் சொல்லலாம், என் தராசைச் சொல்லக் கூடாது. துவாயைத் தூக்கி எறிந்தேன். கொளுக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காலை மடக்கித் தொங்கினேன். "வடிவாய்ப் பாரும்! நான் எழுபத்தாறு கிலோ. எழுபத்தாறு காட்டாட்டி இந்தத் தராசை உம்மடை கிணத்துக்குள்ளை போடுறன்!" சூடடித்துக்கொண்டு நின்ற சனமெல்லாம் வந்து சுற்றி நின்றது. ராமையா முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் முள்ளைப் பார்த்தார். தொண்ணூற்றெட்டு.

தொங்கிக்கொண்டே யோசித்தேன். தராசு பிழையென்றால் என் யாவாரம் அந்தக் களத்திலேயே முடிந்தது. தராசு சரியென்றால் நான் முடிந்தேன். கிணறு வேறு கிட்டத்தில்தான் இருந்தது. நான் வாய் திறக்க முதல் ராமையாவே தீர்ப்புச் சொன்னார்.

"தராசு சரிதாங்க மொதலாளி, நான் சொன்னதுதான் தப்பு. எறங்குங்க, கெளை முறியப் போவுது."

மடியில் இருந்த சாட்சி

அன்று திரும்பும்போது வாய்க்கால் ஏற்றத்தில் முழங்கால் கறகறத்தது. இறங்கி, வெறும் சைக்கிளை உருட்டினேன். டொக்டரின் குரல் கூடவே வந்தது. இனி ஒரு மிடறும் இல்லை என்று முடிவெடுத்தேன். ஆனால் யாவாரியின் மூளை நேர்வழியில் போகாதே! கோப்பையை வாங்கி, நெல்லைப் பார்க்கிற மாதிரி வெளியே போய் வாழையடியில் ஊற்றுவது. பனங்கட்டியைச் சாரத்து மடிக்குள் செருகுவது. பத்து நாள் ஒருவருக்கும் தெரியவில்லை, எறும்புகளைத் தவிர.

சரசக்கா வீட்டில், விலையை ஒரு சதம் கூட ஏற்ற மாட்டேன் என்று நான் உறுக்கிக்கொண்டிருந்த நேரம் அவை கடிக்கத் தொடங்கின. துள்ளி எழும்பிச் சாரத்தை உதறினேன். அவா தந்த துண்டு, இரண்டு வீட்டுக்கு முதல் தந்த துண்டு, அதற்கு முதல் நாளின் துண்டு என்று மூன்று பனங்கட்டி அவாவின் காலடியில் விழுந்தன. சரசக்கா அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றா. எனக்குக் கோபம் வரவில்லை, வாழ்க்கையில் முதல் தடவையாக. லண்டன், தையல், தொண்ணூற்றெட்டு, முழங்கால், எல்லாவற்றையும் நிலத்தைப் பார்த்தபடி சொல்லி முடித்தேன். சிரிப்பா, அல்லது ஏசுவா என்று நினைத்தேன். அவா குனிந்து மூன்று துண்டையும் பொறுக்கி, எறும்பை ஊதி, சீலைத் தலைப்பில் துடைத்தா.

"விசரா, இதை முதல் நாளே சொல்லியிருந்தால், நாலு வருசப் பனங்கட்டியை என்ரை பிள்ளையள் திண்டிருக்குங்களேயடா."

தண்ணீரூற்றில்

அவா ரகசியம் காக்கிற ஆள் இல்லை. பொழுதுபட முதல் வட்டக்கச்சி முழுக்கத் தெரிந்துவிட்டது. 'லண்டன் வயிறு வருது' என்று சிரித்தார்கள்தான். ஆனால் எந்த வீட்டிலும் தேத்தண்ணி வெறுமையாகவே வந்தது, உள்ளங்கைத் துண்டு இல்லாமல். முற்றத்தில் ஒரு சின்னக் கை எதையோ வாயில் போட்டுக்கொண்டு ஓடும். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஏழு வீட்டுப் பிள்ளைகளையும் எண்ணிப் பார்ப்பேன். ஒரு வருசத்தில் எண்பத்தைந்துக்கு இறங்கினேன். எழுபத்தாறை அதற்குப் பிறகு நான் காணவேயில்லை. ஆனால் முழங்கால் நின்றது. தொண்ணூற்றாறில் ஆமி முன்னேறி வர, கிளிநொச்சியை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது, சட்டி பானை, அரிசி, மேலே சின்னப் பெட்டை என்று ஏற்றிக்கொண்டு முல்லைத்தீவுப் பக்கம் தண்ணீரூற்று வரைக்கும் அந்தச் சைக்கிளை உருட்டியது இந்த இரண்டு கால்கள்தான்.

அங்கே ஒரு மரத்தடியில், கிடுகுக் கொட்டிலுக்கு முன்னால் சரசக்காவைக் கண்டேன். விற்க அவாவிடம் நெல் இல்லை, வாங்க என்னிடம் வழியில்லை. தராசு வருகிற வழியில் எந்த ஒழுங்கையில் விழுந்ததென்றே எனக்குத் தெரியாது. வாறன் அக்கா என்று எழும்பினேன். மூன்று கல்லில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. இருந்த ஒரேயொரு பனங்கட்டியை உடைத்துப் பிள்ளைகளின் கையில் வைத்துவிட்டு, சிரட்டையில் வெறும் தேத்தண்ணியை என் பக்கம் நீட்டினா.

"நெல்லும் இல்லை, யாவாரமும் இல்லை, அதுக்காகக் குடியாமல் எழும்பினால் எனக்குப் பொல்லாத கோபம் வரும், இருங்கோ தம்பி."

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் சீனி போடவோ, அல்லது ஒன்றுமே வேண்டாமோ என்று முன்கூட்டியே கேட்கிறார்கள், வேண்டாமென்றால் ஒருவரும் கோபிப்பதுமில்லை, எனக்குக் கோபம் வருவது அதற்குத்தான்.