கமலக்கண்ணன் படகில் முன் சீட்டு

கமலக்கண்ணன் படகு வாங்கிய சேதியை எனக்குச் சொன்னவர் டீக்கடைக்காரர். சட்டைத்துணி எடுத்தாலும், பெண்ணுக்கு வரன் வந்தாலும் முதலில் என்னிடம் ஓடி வருகிறவன் கமலக்கண்ணன். முப்பது வருஷப் பழக்கம். அப்படிப்பட்டவன் பன்னிரண்டு அடிப் படகை மினி லாரியில் கொண்டுவந்து வாசலில் இறக்கியிருக்கிறான், எனக்கு ஒரு வார்த்தை இல்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

கோபத்தில் அவனைத் தப்பாகச் சொல்லிவிடுவேன், அதனால் நல்லதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வயதில் நாங்கள் இரண்டு பேரும் ஆரணியில் ஒரே முதலாளி வீட்டில் பக்கத்துப் பக்கத்துப் பட்டுத்தறியில் உட்கார்ந்தோம். இழை அறுந்தால் நான் தறியையே திட்டுவேன். அவன் முணுமுணுவென்று ஏதோ பாடிக்கொண்டே எடுத்துச் சேர்ப்பான். பிறகு அவரவர் வீட்டில் தறி வந்தது. ஆனாலும் என் தறிக்குப் புதுப் பாவு, அதாவது நீளவாட்டு இழை, ஏறினால் அவன் வந்து பிணைப்பான், அவன் தறிக்கு நான் போவேன். பழைய பாவின் இழையையும் புதுப் பாவின் இழையையும் சாம்பல் தொட்டு விரலால் முறுக்கிவிடுகிற வேலை. ஆயிரக்கணக்கான இழை. ஒருவர் பிணைத்ததை இன்னொருவர் இழுத்துப் பார்க்கிற வழக்கம் எங்களுக்குள் கிடையாது. உட்கார்ந்து நெய்ய வேண்டியதுதான்.

அமாவாசைக்கு எங்கள் தெருவில் யாரும் தறியைத் தொட மாட்டோம். அந்த ஒரு நாள் எனக்கும் அவனுக்கும். லாரி ட்யூபில் காற்றடித்து, மேலே ஒரு பலகையைக் கட்டி, தேவிகாபுரம் ரோட்டு ஏரியில் முதுகோடு முதுகு சாய்த்து உட்கார்ந்து தூண்டில் போடுவோம். அன்றைக்கு வீட்டில் கவிச்சி ஆகாது. அதனால் பிடித்த மீனைத் தண்ணீர் டிரம்மில் உயிரோடு விட்டுவைத்து, மறுநாள்தான் குழம்பு. "சாமியையும் ஏமாத்தல, நாக்கையும் ஏமாத்தல" என்பாள் என் மனைவி சாவித்திரி.

அன்று நான் போனபோது படகு இரண்டு ஸ்டூல் மேல் கவிழ்ந்த வாக்கில் இருந்தது. எங்கேயோ மூடிப்போன படகுத்துறையில் வாங்கிய பச்சை நிற ஃபைபர் படகு. பக்கத்தில் டிரில்லிங் மிஷினோடு சுதாகர். செய்யாரில் கம்பெனி வேலை, ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினால் நேராக ஏரிக்கரைதான். கமலக்கண்ணனோடு ஆறு மாசமாகத்தான் பழக்கம். செல்போனில் மீன் பிடிக்கிற வீடியோ பார்த்துப் பார்த்து எல்லாம் தெரிந்துவைத்திருந்தான்.

"வாடா வேலு! பார்த்தியா, ரெண்டு சீட்டு!" என்றான் கமலக்கண்ணன்.

ரெண்டாவது சீட்டு யாருக்கு என்று நாக்கு நுனி வரை வந்தது. "நல்லாத்தான் கீது" என்றேன்.

வேலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிவிசி குழாயைச் சாய்வாக அறுத்து, தூண்டில் கழி நிற்க இரண்டு பக்கமும் பொருத்தினார்கள். கழி கையை விட்டுப் போகாமல் இருக்க அதற்கு ஒரு கயிறு. பின்னால் தெர்மாகோல் பெட்டி, அதற்குள் மீன் தொட்டிக்கு வைக்கிற காற்று மோட்டார், பேட்டரியோடு.

"அமாவாசை மீன் காலைல வரைக்கும் சாவக்கூடாது இல்லீங்களா? அதான்ணா" என்றான் சுதாகர்.

எங்கள் அமாவாசையை அவன் வாயால் கேட்டதும் வயிறு எரிந்தது. எரிந்தது என்றுதான் சொல்ல வேண்டும், வேறு நாசூக்கான சொல் எனக்குத் தெரியவில்லை. ஆரஞ்சு நிறத்தில் இரண்டு மிதவைச் சட்டை கிடந்தது. ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். பெல்ட் என் தொப்பையைச் சுற்றி எட்டவில்லை. சுதாகருக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது.

நங்கூரத்துக்குப் பத்துக் கிலோ படிக்கல். கயிறு நீளம் போதவில்லை என்று கமலக்கண்ணன் இரண்டு நைலான் கயிறுகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். படகின் ஓரத்தில் ஒரு வளையம் வைத்திருந்தார்கள், கயிறு அதன் வழியாக இறங்க வேண்டும். முடிச்சுப் போட்டால் வளையத்தில் மாட்டும். தறியிலும் அப்படித்தான். இழையில் முடிச்சு இருந்தால் சீப்பு மாதிரி இருக்கிற அச்சின் பல்லில் சிக்கி அறுந்துவிடும், அதனால்தான் முறுக்கிவிடுகிறோம். முப்பது வருஷம் அப்படியே செய்த விரல் வேறென்ன செய்யும்? இரண்டு நுனிகளையும் பிரித்து, ஒன்றோடொன்று சேர்த்து, சாம்பல்கூடத் தொட்டு, பாவு பிணைக்கிற மாதிரி முறுக்கி, மேலே நூலைச் சுற்றினான்.

பட்டு தாங்கும். ஒவ்வொரு இழையும் கொஞ்சம் பாரம்தான் இழுக்கும். இங்கே ஒரே கயிறு, வழுக்குகிற நைலான், அதுவும் தண்ணீரில். பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்ல வாயைத் திறந்தேன்.

"சூப்பர்ணா! ஜாயின்ட்டே தெரியல!" என்றான் சுதாகர். கமலக்கண்ணன் அவனைப் பார்த்துச் சிரித்தான். நான் வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சாவித்திரி, "இன்னா, மூஞ்சி இப்படி கீது? அம்பது வயசுல ஒரு போட்டு மேல பொறாமையா?" என்றாள்.

"போட்டு மேல இல்ல."

"அப்ப போய் கேக்கறது, நானும் வரட்டுமான்னு."

"கேட்டு வாங்கற சீட்டு எனக்கு வாணாம்."

மறுநாள் அமாவாசை. அவன் கூப்பிடுவான் என்று ஒன்பது மணி வரைக்கும் வாசலிலேயே நின்றேன். பிறகு ட்யூபை பைக்கில் கட்டிக்கொண்டு தனியாகப் போனேன். தனியாக உட்கார்ந்தால் பலகை ஒரு பக்கமாகச் சாய்கிறது. அவன் உட்காருகிற பக்கம் ஒரு கல்லை வைத்தேன். மழைக்கு ஏரி ரொம்பியிருந்தது. நடு ஏரியில் பச்சைப் படகு, முன் சீட்டில் சுதாகர். அவர்கள் பேசிச் சிரிக்கிற சத்தம் தண்ணீர் மேல் நன்றாகவே கேட்டது.

மதியம் காற்று எழுந்தது. படகு நகர ஆரம்பித்தது. கமலக்கண்ணன் கயிற்றை இழுத்தான், வெறும் நுனிதான் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். நன்றாக வேண்டும் என்று நினைத்தேன்.

படகு குறுக்கே திரும்பி, பாதி முழுகி நின்ற கருவேல மரங்களுக்குள் போனது. கிளையைப் பிடிக்க சுதாகர் எழுந்து நின்றான். அவ்வளவுதான், கவிழ்ந்தது. சுதாகர் மிதவைச் சட்டையோடு மேலே வந்தான். வெயிலுக்குப் புழுங்குகிறது என்று கமலக்கண்ணன் தன்னுடையதைக் கழற்றி வைத்திருந்தான். அவனுக்கு நீச்சலும் அரைகுறை. இரண்டு கையாலும் முள்கிளையைப் பிடித்துத் தொங்கினான்.

கல்லைத் தள்ளிவிட்டுக் கையாலேயே துழாவிக்கொண்டு போனேன். "பிடிடா, ட்யூபைப் பிடிடா" என்று கத்தினேன். அவன் பிடித்த இடமெல்லாம் ரத்தம் ஒட்டியது. சுதாகர் படகைத் தள்ளிக்கொண்டே பின்னால் நீந்தி வந்தான்.

கரையில் கமலக்கண்ணன் கயிற்று நுனியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். உள்ளங்கை இரண்டிலும் முள். எப்படியும் பத்து நாளைக்குத் தறியில் உட்கார முடியாது.

"நேத்து நீ நின்னுகினு இருந்தியே, இத்த பார்த்தியா?"

"பார்த்தேன்."

"தாங்காதுன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. நீ மட்டும் என்கிட்ட சொல்லாம போட்டு வாங்கல?"

"சொன்னா வாணாம்னுருப்பே. நீ எதுக்குமே மொதல்ல வாணாம்னுதான் சொல்லுவே. சுதாகர்தான் 'வாங்குண்ணா'ன்னான்."

அது உண்மை. அதனால் இன்னும் வலித்தது. சுதாகர் சட்டையைப் பிழிந்துகொண்டே எங்கள் இருவரையும் பார்த்தான்.

அடுத்த அமாவாசைக்குக் காலையிலேயே வாசலில் ஹாரன் சத்தம். "வா, போலாம். சுதாகருக்கு இன்னிக்கு ஷிப்ட்" என்றான் கமலக்கண்ணன். சுதாகருக்கு ஷிப்ட் இல்லையென்றால் என்னைக் கூப்பிட்டிருப்பானா என்று ஒரு நினைப்பு வந்தது. அதை விழுங்கிவிட்டு அவன் பைக்கில் ஏறினேன். ஏரியில் படகுக்குள் என் தொப்பைக்கு எட்டுகிற அளவில் ஒரு மிதவைச் சட்டை புதிதாக இருந்தது.

முன் சீட்டில் உட்கார்ந்தேன். அவன் பின்னால். இனி முடிச்சு மாட்டாதபடி படகு ஓரத்து வளையத்தைக் கழற்றியிருந்தான். நடு ஏரிக்குப் போனதும் புதுப் படிக்கல்லையும் கயிற்றையும் என்னிடம் நீட்டி, "நீ கட்டு" என்றான். இரட்டை முடிச்சு போட்டு, பல்லால் இறுக்கி, பின்னால் கொடுத்தேன். மனசு குளிர்ந்திருந்தது. கல் தண்ணீரில் விழுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். தழும்பு மறையாத இரண்டு கைகளிலும் கயிற்றைச் சுற்றிக்கொண்டு, நான் போட்ட முடிச்சை அவன் ஒரு முறை இழுத்துப் பார்த்தான். பிறகு இன்னொரு முறை.