ஒத்திகை நோன்பு

போன ரமலான் மாதம் முழுவதும் என் கணவர் மதியச் சோற்றைத் திருட்டுப் பண்டம் போலத் தின்றார். சர்க்கரை தாறுமாறாக ஏறி இறங்கியதால் அந்த வருஷம் நோன்பு பிடிக்கவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். தாராவியில் எங்களுக்குத் தோல் பை தைக்கும் பட்டறை. அங்கே அவருடைய தம்பி முதல் தையல்காரர்கள் வரை எல்லோரும் நோன்பாளிகள். இவர் மட்டும் மதியம் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டுச் சாப்பிடுவார். ஆறாவது மாடியில் எட்டிப் பார்க்கப் புறாவைத் தவிர யார் இருக்கிறார்கள் என்று நான் கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை. பெருநாள் காலையில் புதுச்சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "நோம்பே பிடிக்காதவனுக்கு என்ன பெருநா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னைக் குத்திவிட்டது. எனக்குக் கோபம் வந்தால் வீட்டில் பாத்திரம் பேசும். அன்றைக்கு நிறையப் பேசியது.

இந்த முறை விடுவதில்லை என்று முடிவு செய்தேன். குளிர் கொஞ்சம் விடத் தொடங்கியதும் அவரை இழுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். அவர் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர், எங்கள் பக்கத்தில் கிளினிக் வைத்திருக்கிறார். சர்க்கரை இறங்கி, ஒரே சீராக நின்றால் இந்த ரமலானுக்குப் பார்க்கலாம் என்றார். 'பார்க்கலாம்' என்ற ஒரு சொல் போதாதா? எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

முதலில் ஜன்னல். எங்கள் கட்டடத்தில் எல்லா வீட்டு ஜன்னலுக்கும் வெளியே ஒரு கம்பிக்கூண்டு உண்டு. உடைந்த பெட்டி, ஓடாத ஃபேன், எதற்கும் இருக்கட்டும் என்று வைத்த வாளி என்று உலகத்துக் குப்பை எல்லாம் அதற்குள்தான் கிடக்கும். அத்தனையையும் ஒரே நாளில் காலி செய்தேன். மீன் மார்க்கெட்டில் தூக்கி எறியும் தெர்மோகோல் பெட்டிகளைக் கழுவிக் காயவைத்தோம். செம்பூர் நர்சரியிலிருந்து மண்ணும் உரமும் ஆட்டோவில் வந்து இறங்கின. "உம்மா, பூரா கர் மச்சி வாடை, வீடே மீன் நாறுது," என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள் காலேஜ் படிக்கும் என் மகள். இரண்டு நாளில் மண் வாசம் மீன் வாசத்தை அமுக்கிவிட்டது.

வெந்தயம் தூவினேன். நான் இதுவரை வெந்தயத்தைத் தாளித்துத்தான் பார்த்திருக்கிறேன், முளைக்கப் பார்த்ததில்லை. மண்ணை முட்டிக்கொண்டு அது தலை தூக்கிய காலையில் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மராட்டிக்கார அக்கா என்னவோ ஏதோவென்று ஓடி வந்தாள். பிறகு புதினா, கொத்தமல்லி, ஒரு பெயின்ட் வாளியில் கறிவேப்பிலை. பல் துலக்கிக்கொண்டே போய்ப் பார்ப்பேன். சோறு வடித்துவிட்டுப் போய்ப் பார்ப்பேன். நான் பார்க்காவிட்டால் அது வளராது என்பது போல ஒரு நினைப்பு.

நான் அசந்த நேரம் பார்த்துப் புறாக்கள் வந்தன. முதல் பெட்டியை மொட்டையடித்துவிட்டுப் போயின. நான் கம்போடு நின்று கரடியாய்க் கத்தினேன், அவை எதிர்க் கட்டடத்தில் உட்கார்ந்து என்னை வேடிக்கை பார்த்தன. என் கணவர் பெட்டிகளை நாடாவால் அளந்துகொண்டு பட்டறைக்குப் போனார். மறுநாள் வரும்போது கையில் வலைத்துணிக் கூடாரங்கள் இருந்தன. விளிம்பெல்லாம் தோல் பட்டி, மூலைக்கு மூலை இரட்டைத் தையல், திறந்து மூட ஜிப். பம்பாயிலேயே ஜிப் வைத்த கீரைப் பாத்தி எங்கள் வீட்டில்தான் இருக்கும். கட்டடத்தில் பாதிப் பேர் அதைப் பார்க்க வந்தார்கள். அன்றிலிருந்து தோட்டம் என்னுடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விடிந்ததும் முதல் ஜிப்பை இழுப்பது அவர்தான்.

அடுத்தது அடுப்படி. நோன்புக் கஞ்சியைச் சர்க்கரைக்காரருக்கு ஆகிற மாதிரிச் சமைத்துப் பழக வேண்டும் என்று ரமலானுக்கு வெகு முன்பே ஆரம்பித்துவிட்டேன். பச்சரிசியைக் குறைத்துக் கோதுமை ரவையும் பாசிப்பருப்பும் போட்டேன். தேங்காய்ப்பாலைப் பேருக்குக் காட்டினேன். பூண்டும் இஞ்சியும் தாராளமாக, இறக்கும்போது ஜன்னலிலிருந்து பறித்த வெந்தயக்கீரை ஒரு கை. முதல் நாள் அவர் கரண்டியால் கிளறிப் பார்த்துவிட்டு, இது மனுஷனுக்கா ஆட்டுக்கா என்று கேட்டார். சட்டியில் இருப்பதுதான் அகப்பையில் வரும் என்றேன். பிறகு அவரே இரண்டாம் கிண்ணம் கேட்டார். மராட்டிக்கார அக்கா சோள மாவில் பாக்ரி ரொட்டி தட்டக் கற்றுக்கொடுத்தாள். என் பாக்ரி முதலில் மகாராஷ்டிரா வரைபடம் மாதிரி வந்தது, போகப் போக நிலாவானது. பட்டறைக்கு டீ கொடுக்கும் கடைக்கு நானே நேரில் போய், என் வீட்டுக்காரர் டீயில் சர்க்கரை விழுந்தால் கடைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கடைக்காரர் என்னை நம்பினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸுக்கு நடக்கப் போனோம். புர்காவுக்குக் கீழே மகளின் ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டுக்கொண்டு நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மரங்களில் புதுத் தளிர் செம்பு நிறத்தில் மினுங்கியது. சிலவற்றில் இலையே இல்லாமல் பூ மட்டும். இத்தனை வருஷம் இந்த ஊரில் வசந்தம் என்று ஒன்று வருவதே எனக்குத் தெரியாது, குளிர் போனால் வேர்வை என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு சுற்று முடிந்ததும் மகள் எங்கள் இருவரையும் நிறுத்திக் கையை நீட்டு, காலை மடக்கு என்று டிரில் வாங்குவாள். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலும் வந்து சேர்ந்தது. அவருக்காக ஆரம்பித்த வேலையில் என் மூட்டுவலி எப்போது குறைந்தது என்று எனக்கே தெரியவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்க்க எனக்கே பிடித்திருந்தது.

ரத்தப் பரிசோதனை வந்தது. சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. நான் கிளினிக்கில் கைதட்டியே விட்டேன். ஆனாலும் டாக்டரம்மா உடனே சரி சொல்லவில்லை. ரமலானுக்கு முன்னால் ஒரு நாள் நோன்பு பிடித்துப் பார்த்துவிட்டு வாருங்கள், அன்று சர்க்கரை பார்க்கும் மெஷினில் விரலைக் குத்திப் பார்க்க வேண்டும், மதியம் ஒரு தரம், சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்தில் ஒரு தரம், நோன்பு திறப்பதற்கு முன்னால் ஒரு தரம் என்றார். எழுபதுக்குக் கீழே போனால் யோசிக்காமல் முறித்துவிட வேண்டும். என் கணவர் சரி சரி என்று தலையாட்டினார். வியாழக்கிழமை எப்படியும் நபிவழியில் விரும்பிப் பிடிக்கிற சுன்னத்தான நோன்பு நாள், அன்றைக்கே ஒத்திகை என்று முடிவானது. துணைக்கு நானும் மகளும் பிடித்தோம்.

அன்றைக்கு விடியுமுன் சஹர் சாப்பாட்டில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பாக்ரியும் கீரைக்கூட்டும் முட்டையும் சாப்பிட்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளைக் களையோடு பட்டறைக்குப் போனார். மெஷினை நானே அவர் பையில் வைத்தேன். மதியம் போன் செய்து நம்பர் என்ன என்று கேட்டேன். நல்லாத்தான் இருக்கு என்றார். நம்பரைக் கேட்டால் நல்லாத்தான் இருக்கு என்கிறாரே? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற குரல் எனக்குத் தெரியாதா. இறங்கிப் பட்டறைக்கே போனேன்.

மெஷின் நான் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. ஊசியின் மூடிகூடத் திறக்கவில்லை. தையல்காரர்கள் தையல் மிஷினை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். அவர் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார். பிறகு என் காதில் விழுகிற அளவுக்கு மட்டும் சொன்னார்.

"குத்துனா ரத்தம் வரும்லா. ரத்தம் வந்தா நோம்பு முறிஞ்சிரும்."

டாக்டரம்மா சொன்ன நாளிலிருந்தே இந்தச் சந்தேகம் அவருக்கு இருந்திருக்கிறது. பள்ளிவாசலில் ஹஜ்ரத்திடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் தனக்குச் சர்க்கரை என்பது ஜமாஅத்துக்கே தெரிந்துவிடுமாம். தாராவியில் யாருக்கு என்ன நோய் என்று நமக்கு முன்னால் மருந்துக்கடை வரிசைக்குத் தெரியும், இவர் ரகசியம் காக்கிறாராம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே போனைப் போட்டு ஹஜ்ரத்திடம் கேட்டேன், ஸ்பீக்கரில். ஹஜ்ரத் மெதுவாகச் சிரித்தார். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் வந்தால் நோன்பு முறியாது, தைரியமாகக் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள், எனக்கும் சர்க்கரைதான், நானும் குத்தித்தான் பார்க்கிறேன் என்றார். பட்டறை முழுக்க அதைக் கேட்டது. ஓரத்தில் இருந்த கட்டிங் மாஸ்டர் தன் விரலையும் நீட்டி, அப்படியே எனக்கும் ஒரு குத்து குத்திப் பாருங்கள் என்றார்.

என் கணவருக்கு நூற்றுச் சொச்சம் இருந்தது. எனக்கு ஆடலாம் போலிருந்தது. அஸரில் குத்தியபோது கொஞ்சம் இறங்கியிருந்தது, ஆனாலும் கோட்டுக்கு மேலேதான். அவர் சீக்கிரமே வீட்டுக்கு வந்து, பாத்திகளுக்குத் தண்ணீர் தெளித்து, கஞ்சிக்குக் கீரையும் பறித்துக் கொடுத்தார். முடியப் போகிறது, ஜெயித்துவிட்டோம் என்று நான் மனசுக்குள் எல்லோருக்கும் போன் செய்துகொண்டிருந்தேன்.

விரிப்பை விரித்தோம். நடுவில் கஞ்சிச் சட்டி, பேரீச்சம்பழம், தண்ணீர். சூரியன் மறைந்ததும் சொல்லும் மஃரிப் பாங்குக்கு இன்னும் அரைமணி நேரம் போல இருந்தது. அவர் கடைசித் தரம் விரலைக் குத்தினார். மெஷின் எழுபதுக்குக் கீழே காட்டியது. நம்பாமல் வேறு விரலைக் குத்தினார். அதுவும் அப்படித்தான். அப்போதுதான் அவர் நெற்றி வேர்த்திருப்பதையும் கை லேசாக நடுங்குவதையும் கவனித்தேன்.

"வாப்பா, இன்னும் ஆதா கண்டாதானே இருக்கு," என்றாள் மகள். அவள் குரல் அழுகிற மாதிரி இருந்தது. அவளை அடக்க வேண்டிய நான் அடக்கவில்லை. எத்தனை கீரை, எத்தனை நடை, இந்த அரைமணி நேரத்துக்காகத்தானே என்று என் மனசும் கிடந்து அடித்துக்கொண்டது. நோன்பாளியாக அவர் அந்த விரிப்பில் உட்கார்ந்து பாங்கைக் கேட்க வேண்டும் என்று அவரைவிட எனக்குத்தான் வெறி.

அவர் எங்கள் இருவரையும் பார்த்தார். பிஸ்மில்லா சொல்லி ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டார். இன்னொன்று. நான் ஓடிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்தேன், அதையும் குடித்தார். குடித்து முடித்ததும் அவர் கண் கலங்கியிருந்தது. பாங்கு சொன்னபோது நாங்கள் இருவரும் நோன்பு திறந்தோம், அவர் எங்களுக்குக் கஞ்சி ஊற்றினார். அன்றைக்கு என் வீட்டில் ஒரு பாத்திரமும் பேசவில்லை.

மறுநாள் கிளினிக்குக்கு வரமாட்டேன் என்றார். தோற்றுப் போனதற்கு எதற்கு டாக்டர் என்றார். மறுபடி ஜன்னல் திரையை இழுத்துவிட்டுச் சாப்பிடப் போகிறவரின் முகம் அது. நான் விடவில்லை. டாக்டரம்மா எல்லா நம்பரையும் மெஷினில் தள்ளித் தள்ளிப் பார்த்தார். காலையில் என்ன மாத்திரை போட்டார், எவ்வளவு வேலை செய்தார் என்று கேட்டார். பிறகு கடைசி நம்பரைக் காட்டி, இதற்குப் பிறகு என்ன செய்தீர்கள் என்று அவரிடம் கேட்டார். அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, முறிச்சிட்டேன் என்றார். அரைமணி நேரம்தான் பாக்கி இருந்தது என்று நான் குறுக்கே விழுந்து சொன்னேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"அரைமணி நேரம் இருக்கறச்சே, கஞ்சி எதிர்ல இருக்கறச்சே, நீங்களாவே முறிச்சேளா? அதைத்தான் நான் பாக்கணும்னு நெனச்சேன். பல்லைக் கடிச்சிண்டு முழுசாப் பிடிச்சிட்டு வந்திருந்தா, இந்த வருஷமும் கூடாதுன்னு சொல்லியிருப்பேன்."

காலை மாத்திரையைக் குறைத்து எழுதிக் கொடுத்தார். ரமலானில் பிடிக்கலாம், ஆனால் தினமும் குத்திப் பார்க்க வேண்டும், இறங்கினால் நேற்று மாதிரியே முறிக்க வேண்டும், முறித்த நோன்பைப் பிறகு ஒரு நாள் பிடித்துக்கொள்ளலாம் என்றார். என் கணவர் சீட்டை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு மறுபடி எடுத்துப் பிரித்துப் பார்த்தார். இங்கிலீஷ் அவருக்குப் படிக்க வராது.

வெளியே வந்தோம். தொண்ணூறடி ரோட்டில் ஹாரன் சத்தமும் கூட்டமும் அடைத்துக்கொண்டிருந்தன. அவர் ரோட்டோரத்தில் நின்று தம்பிக்குப் போன் போட்டார். வீட்டில்கூடக் குரல் உயர்த்தாத மனிதர், அத்தனை சத்தத்துக்கும் மேலே கத்தினார்.

"ஏலே, இந்த வருசம் நானும் நோம்பாளிலே!"

கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒருவர் மாஷா அல்லாஹ் என்றார். நான் புர்கா முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தரம் சொல்லுங்கள் என்றேன்.