இடது கன்னம்

எங்கள் பழவேற்காட்டில் போட்டோ என்றால் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்று எடுப்பதுதான். கல்யாண ஜோடிக்கு இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் படத்தில் விழும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. மீஞ்சூரில் ஒரு ஸ்டுடியோவில் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்த எனக்கு மட்டும் உறுத்தியது. வீட்டிலேயே ஸ்டுடியோ வைப்பது என்று முடிவு செய்து, வலை போட்டுவைக்கும் அறையைக் கேட்டேன்.

"வலைய எங்கடா வைக்கறது?" என்றார் அப்பா; எனக்கும் ஊருக்கும் அவர் நைனா. மூன்று நாள் கழித்து அவரே வலைகளைத் தூக்கித் தன் கட்டிலுக்கு அடியில் திணித்தார்.

படகுக்கு அடித்தது போக மிச்சமிருந்த நீல பெயிண்டைச் சுவருக்கு அடித்தேன். இரண்டு ஹாலோஜன் விளக்குகள் வாங்கினேன். ஸ்டாண்டுக்குப் பதில், டப்பாக்களில் மணல் நிரப்பி மூங்கில் கழிகளை நட்டேன். ஒரு குடைக்கு வெள்ளைத் துணி தைத்து, வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி முகத்தில் மெதுவாக விழும்படி கட்டினேன். முதலில் உட்கார்ந்தவர் நைனா.

"கருவாடே காயும் போலகீதுடா" என்றார்.

சிரிக்கச் சொன்னேன். "எதுக்கு?" என்றார். அந்தப் படத்தில் அவர் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான். ஒரு விளக்கை மட்டும் பக்கவாட்டில் வைத்தால் பாதி முகம் வெளிச்சம், பாதி நிழல். எந்த முகமும் கொஞ்சம் அழகாகிவிடும்.

இரண்டாவது வாரம், மீன் விற்கும் அக்கா ஒருவர் அடையாள அட்டைக்குப் போட்டோ எடுக்க வந்தார். முந்தைய வருடம் பஸ் கவிழ்ந்தபோது கண்ணாடி கிழித்து, இடது கன்னத்தில் காதிலிருந்து தாடை வரை வடு. அவர் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மனம் நோகக் கூடாதே என்று அவருக்கு வலது பக்கம் விளக்கை வைத்து, இடது கன்னத்தை நிழலுக்குள் தள்ளினேன். அதுவரை நான் எடுத்ததிலேயே நல்ல படம் அது. உறையைப் பிரித்துப் பார்க்காமலே பஸ் பிடிக்க ஓடினார்.

மறுநாள் மீன் பெட்டியோடு வந்து நின்றார்.

"இன்னா தம்பி இப்டி பண்ணிட்ட? பழைய கார்டுல கீற மூஞ்சி வேற, என் மூஞ்சி வேறன்னுதான் புதுசா எடுத்தாரச் சொன்னாங்க. இதப் பாத்துட்டு, இதுவும் நீ இல்லம்மானு ஆபீசரு அனுப்பிச்சிட்டாரு."

"அழகா இருக்கட்டும்னுதான்கா..."

"அழகாதான் கீது. யாருன்னுதான் தெரியல."

காது சூடாகிவிட்டது எனக்கு. விளக்கின் சூடு என்று சொல்ல முடியாது, இன்னும் போடவே இல்லை.

"ரெண்டு லைட்டையும் போடுடா" என்றார் நைனா. போட்டேன். வீட்டில் ஃபியூஸ் போயிற்று. கம்பி கட்டிவிட்டு வந்து ஒன்றை மட்டும் போட்டேன். மறுபக்கத்துக்கு வெள்ளையாக ஏதாவது வேண்டும். அக்காவின் தெர்மகோல் பெட்டி மூடி கண்ணில் பட்டது. அதை அவருடைய இடது பக்கம் நைனா பிடித்துக்கொண்டார்.

"நாறுதும்மா."

"என் பொட்டி எனக்கு நாறாது. நீங்க கிட்ட புடிங்க நைனா."

மூடியில் பட்ட வெளிச்சம் கன்னத்தில் விழுந்தது. வடு முழுதாகத் தெரிந்தது. எடுத்த படத்தைக் காட்டினேன். கேமரா திரையில் வடுவை அக்கா விரலால் தொட்டுப் பார்த்து, "இது நானு" என்றார்.

அட்டை கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கணவரையும் அழைத்து வந்தார். அவர் அக்காவின் இடது பக்கம் ஒட்டி, கொஞ்சம் முன்னால் நின்றார். வெளியே எங்கே போனாலும் அப்படித்தான் நிற்பாராம்.

"மறைக்காத. இந்தாண்ட வந்து நில்லு" என்றார் அக்கா.

கணவர் வலது பக்கம் வந்து நின்றார். புது இடத்தில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் திணறினார். கண்ணையும் சிமிட்டிக்கொண்டே இருந்தார். ஏழாவது தடவைதான் படம் சரியாக வந்தது.